பாதந்தாங்கி ஐனியோன்

முன்னொரு காலத்தில், ஆட்டுக்குட்டிகூட நனைந்தபடியே பிறக்கும் வேல்ஸ் மலைநாட்டில் ரிவாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வீரத்தில் குறைவில்லை, பாதங்கள்தான் பனிக்கட்டி. பாதம் குளிர்ந்தால் புத்தி கோணிக்கொள்ளும். ஒருமுறை மழைக்கே மரண தண்டனை விதித்தவர்.

அந்நாட்டு வழக்கப்படி, ராஜா விருந்தில் அமர்ந்ததும் அவர் பாதங்களை மடியில் ஏந்திக்கொள்ள ஓர் ஆள் உண்டு. பாதந்தாங்கி என்பார்கள். அந்த வேலை ஐனியோனுக்கு. அற்ப வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பாதம் மடியில் இருக்கும்வரை எந்தக் குற்றவாளிக்கும் அவன் அபயம் தரலாம். ராஜாவே அதை மீற முடியாது. அரண்மனை மேலாளன் மெய்லிருக்கு இதில்தான் வயிற்றெரிச்சல்.

ஓர் அறுவடைக் காலம். ரிவாலனின் வீரர்களெல்லாம் வயலில் இருந்தார்கள். அண்டை நாட்டுச் சாக்சன் ராஜா வுல்ஃப்கார் திடீரென்று படையோடு வந்து இறங்கினான். அவன் எல்லையில் எழுப்பிய மண்கரையை வெட்டிச் சரித்த நாற்பது இடையர்களைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்திருந்தான். அவர்களில் ஒருவன் ஐனியோனின் தம்பி.

"ரிவாலா, இன்று மதியம் உன் ஆசனத்தில் நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். இந்த நாட்டுக்கு இனி யார் ராஜா என்று உன் ஜனங்கள் பார்க்கட்டும். கை கழுவியதும் இவர்களைத் தூக்கில் போடுவேன்."

ரிவாலனின் கை வாளுக்குப் போனது. மெய்லிர் அதற்குள் புதிய எஜமானிடம் குழைந்தான். "பிரபு, இங்கே ராஜா என்றால் இந்தப் பாதந்தாங்கி மடியில் கால் நீட்ட வேண்டும். சேற்றுக் காலையே நீட்டுங்கள். இவன் கொழுப்பு கொஞ்சம் அடங்கட்டும்."

கயிற்றின் கடைசியில் நின்ற தம்பியை ஐனியோன் பார்த்தான். பிறகு நடுங்குகிறவன்போல் குரலை இறக்கினான்.

"அது மட்டும் வேண்டாம், ஐயா. அது எங்கள் ராஜாவுக்கு மட்டும் உள்ள உரிமை."

"அப்படியானால் எனக்குக் கட்டாயம் வேண்டும்."

"அந்த ஆசனத்துச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக ஆணையிட வேண்டுமே. உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை?"

"இவ்வளவுதானா?" வுல்ஃப்கார் தன் படைத்தலைவர்கள் எதிரில் வாளின்மேல் கை வைத்து ஆணையிட்டு, ஆசனத்தில் சாப்பிட உட்கார்ந்தான். சம்மணமிட்டிருந்த ஐனியோனின் மடியில் இரண்டு பாதங்களும் தொப்பென்று விழுந்தன. அந்த வாடையில் மூன்று வேட்டைநாய்கள் மயங்கிச் சாய்ந்தனவாம். ஐனியோன் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"சபையோரே," என்றான், "ராஜாவின் பாதம் என் மடியில். இந்த நாற்பது பேருக்கும் அபயம் தந்தேன். கட்டை அவிழ்த்துவிடுங்கள்."

மெய்லிரின் முகம் வெளுத்தது. வுல்ஃப்கார் சீறினான். "யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்க வேண்டாம் என்பதுதான் இந்த ஆசனத்துச் சட்டம். சந்தேகமென்றால் உங்கள் மேலாளரைக் கேளுங்கள்."

சாக்சன் தலைவர்களில் நரைத்தவன் எழுந்தான். "ராஜா, வாள்மேல் இட்ட ஆணையை உடைப்பவன் பின்னால் நாங்கள் படை நடத்துவதில்லை." அவனே போய்க் கயிற்றை அறுத்தான். இடையர்கள் மலையேறி மறைந்தார்கள்.

வுல்ஃப்கார் பாதங்களை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "உங்கள் ஆசனமும் வேண்டாம், உங்கள் சட்டமும் வேண்டாம்."

"எல்லாரும் கேட்டுக்கொண்டீர்களா?" என்றான் ஐனியோன் நிதானமாக. "இந்த நாட்டு ஆசனம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்."

சாக்சன் வீரர்களுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் படையே சிரித்த பிறகு எந்த ராஜா அங்கே உட்கார்ந்திருப்பான்? வுல்ஃப்கார் பாதி கடித்த இறைச்சியோடு குதிரையேறினான்.

ரிவாலன் ஆசனத்தில் நிமிர்ந்து அமர்ந்தார். "ஐனியோன், ஒரு படை செய்ய வேண்டியதை உட்கார்ந்த இடத்தில் செய்துவிட்டாய். கேள், என்ன வேண்டும்?"

"கொஞ்சம் வெந்நீர், மகாராஜா. மடியைக் கழுவ வேண்டும்."

ராஜாவே எழுந்து வந்து வெந்நீர் ஊற்றினார். அழுக்குத் தண்ணீரைப் பிடிக்க, முழங்காலிட்டுத் தொட்டி ஏந்தியவன் மெய்லிர்.