எட்டிப் பார்த்த ஆணிகள்

"சிலுவைகூட என்னைச் சேக்காதேயும், ஓடாவியாரே. அவன் கருங்காலி."

வைரவன் இதைத் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. எதையும் தாழ்ந்த குரலில் சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு.

உளி தீட்டிக்கொண்டிருந்த தோணித் தச்சர் நயினா ஓடாவி நிமிரவில்லை.

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன். துறைமுக வேலைநிறுத்தத்துல முதல்ல கேட்டுக்குள்ள போனவன் அவன்தான். அவன் முதுகைப் பாத்துத்தான் மத்தவனெல்லாம் போனான். நாங்க தெருவுக்கு வந்தோம்."

பலகை சுமந்து வந்துகொண்டிருந்த சிலுவையை ஓடாவி கூப்பிட்டார்.

"ஓய், நீரு கருங்காலியா?"

சிலுவை பலகையை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமா, உள்ள போனேன். நாளைக்குக் கேட்டாலும் போனேன்னுதான் சொல்லுவேன். அதுக்காவ அழுதுகிட்டு நிக்கமாட்டேன்."

"கேட்டீரா அண்ணாச்சி? அவரே ஒத்துக்கிட்டாரு," என்றார் ஓடாவி. "இனி அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. ரெண்டு பேரும் போயி ஆணி அடிங்க."

வைரவன் ஓடாவியைவிட வயதில் மூத்தவன். துறைமுகம் அவனை வெளியே தள்ளிய பிறகு, தலை நரைத்த பிறகு, தோணி கட்டக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றவன்.

தொழில் ஆசை என்று எல்லோரிடமும் சொன்னான். உண்மை வேறு. இந்தத் தோணி கடலில் இறங்கினால் அதன் முதல் நடையிலேயே ஏறப்போகிறவர்களில் அவன் மகன் தவசியும் ஒருவன். ஒரே மகன். முதலாளிக்காகக் கட்டும் தோணியை எவனும் யோக்கியமாகக் கட்டமாட்டான் என்பது வைரவனின் தீர்மானம். ஆகவே கூடவே இருந்து பார்க்க வந்தான்.

பார்க்கிற கண் அவனுக்கு உண்டு. ஆயிரம் பேர் கைதட்டும் கூட்டத்தில் தட்டாத ஒருவனைச் சங்க மேடையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான்.

பாய்மரத்துக்கு வந்த மரத்தைச் சந்தேகப்பட்டான். எண்ணெய் டின்னை மோந்து பார்த்தான். ஒருநாள் முதலாளி வாங்கிக் கொடுத்த டீயை ஓடாவி குடித்தார். அன்று முழுக்க வைரவன் அவரோடு பேசவில்லை.

ஆணி அடிப்பது அங்கே இரண்டு ஆள் வேலை.

தோணியின் விலா எலும்பு போல வளைந்து நிற்கும் மரங்களுக்கு வங்கு என்று பெயர். வெளியே நிற்பவன், பலகையையும் வங்கையும் சேர்த்துத் துளைத்து, நூல் சுற்றி எண்ணெயில் நனைத்த நீள ஆணியை அடிப்பான். உள்ளே இருப்பவன், வங்கின் மேல் ஒரு கனத்த இரும்புக் கட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து அந்த அடியை வாங்கவேண்டும்; அப்போதுதான் ஆணி இறுகும். பிறகு உள்ளே நீட்டிய முனையை மடக்கவேண்டும்.

நடுவில் பலகை. இவன் முகம் அவனுக்குத் தெரியாது. உள்ளிருந்து பலகையில் ஒரு தட்டுத் தட்டினால், பிடித்தாயிற்று என்று அர்த்தம். உடனே வெளியிலிருந்து அடி விழும். அவ்வளவுதான் பேச்சு.

ஓடாவி வைரவனை உள்ளே இறக்கினார்.

"ஆணி இறுகிச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் வைரவன்.

"கையில தெரியும்."

"கண்ணுக்கு?"

"கண்ணுக்கு இங்க வேலை கிடையாது."

தொழில் ரகசியத்தை மறைக்கிறான் என்று வைரவன் முடிவு கட்டினான்.

தட்டினான். அடி விழுந்தது. தட்டினான். அடி விழுந்தது. கட்டியின் வழியே முழங்கை வரைக்கும் அதிர்ந்தது.

சிறிது நேரத்தில் அது வந்துவிட்டது. அந்த நினைப்பு. வெளியே நிற்பவன் நூல் சுற்றுகிறானா? எண்ணெயில் நனைக்கிறானா? கேட்டுக்குள் போனவன்தானே? போகும்போது திரும்பிப் பார்த்தானா?

மேல் பலகைகள் இன்னும் ஏறவில்லை. எழுந்து நின்றால் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கலாம்.

வைரவன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சட்டென்று எழுந்து எட்டிப் பார்த்தான்.

சிலுவை அடித்துக்கொண்டிருந்தான். ஆணியில் நூல் இருந்தது. எண்ணெயும் சொட்டியது.

'நான் பாக்கப்போறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு,' என்று நினைத்தான் வைரவன்.

பிறகு அடிக்கடி எழுந்தான். சோற்றுக்கு ஆள் கலைந்த நேரத்தில் வெளியே வந்து, தான் எட்டிப் பார்த்த ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கரித்துண்டால் ஒரு கீறல் போட்டான். மறந்துவிடக்கூடாது. சாட்சி வேண்டும்.

சாப்பிட்டுத் திரும்பிய சிலுவை அதைப் பார்த்துவிட்டான்.

"என்னவே, என் ஆணிக்கெல்லாம் மை வைக்கிறே? கண்ணு பட்டுருமோ?"

"படவேண்டியவன் மேல படும்."

"பட்டா படட்டும். ஆனா ஒண்ணு கேக்கேன். உள்ள நீ பிடிக்கியா, இல்லையா? சில ஆணி துள்ளுதுவே."

வைரவனுக்கு ரத்தம் கொதித்தது. செய்வதையும் செய்துவிட்டு, பழியை முன்கூட்டியே எதிராளி தலையில் போடுவது. இதையெல்லாம் அவன் எத்தனை பேச்சுவார்த்தையில் பார்த்திருக்கிறான்!

நேரே ஓடாவியிடம் போனான்.

"அவன் ஆணி நிக்காது. என் மவன் ஏறப்போற தோணி இது. அவனை நிறுத்தும்."

"தண்ணி ஊத்துற அன்னைக்குப் பாப்போம், அண்ணாச்சி."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பிடியும்."

இதிலும் ஏதோ இருக்கிறது என்று வைரவனுக்குப் பட்டது. இரண்டு பேரும் ஒன்று.

கட்டி முடித்த தோணியை அப்படியே கடலில் இறக்கமாட்டார்கள் அந்தத் துறையில். கரையிலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தி, உள்ளே தண்ணீர் நிரப்புவார்கள். கடல் எந்த வழியாக உள்ளே வரப் பார்க்குமோ, அந்த வழியாக உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நாளும் வந்தது. துறையே கூடி வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றியது. தவசியும் வந்து ஊற்றினான். ஏற்கெனவே தோணியை நடத்தும் தண்டல் ஆகிவிட்டவன் மாதிரி எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிந்தான்.

தண்ணீர் ஏறியது. ஓடாவி வெறுங்காலோடு தோணியைச் சுற்றி வந்தார். பின்னால் வைரவன். அவனுக்குப் பின்னால் கூட்டம்.

முன்பக்கம் காய்ந்து கிடந்தது. அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது. பஞ்சு அடைத்த சந்துகளெல்லாம் காய்ந்து கிடந்தன.

பிறகு, வயிற்றுப் பக்கத்தில், ஓர் ஆணித்தலையைச் சுற்றி ஈரம் பூத்தது. துளியாயிற்று. கீழே இருந்த கரியைக் கரைத்துக்கொண்டு கறுப்பாக வழிந்தது.

அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

கீறல் போட்ட ஆணிகள் எல்லாம் அழுதன. கீறல் போடாத ஆணி ஒன்றுகூடக் கசியவில்லை.

வைரவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். பல வருஷத்துக்குப் பிறகு அவனுக்கு மேடை கிடைத்திருந்தது.

"பாத்தீங்களா? நான் குறி வச்ச ஆணி ஒண்ணுகூடத் தப்பல! அன்னைக்கு ஊரைக் காட்டிக்கொடுத்தவன், இன்னைக்கு என் மவனைக் கடலுக்குக் காட்டிக்கொடுத்திருக்கான்!"

கூட்டம் சிலுவையைப் பார்த்தது. தவசியும் பார்த்தான். வாளி அவன் கையிலேயே இருந்தது.

சிலுவை காதில் சொருகியிருந்த பீடியை எடுத்தான். பற்ற வைக்காமல் மறுபடி சொருகிக்கொண்டான்.

ஓடாவி கறுப்பாக வழிந்த ஒரு கோட்டை விரலால் தொட்டார். விரலை வேட்டியில் துடைத்தார்.

"நல்லாப் பாத்துத்தான் குறி வச்சிருக்கீரு."

"பின்னே?"

"எல்லாத்தையும் நேரில பாத்தீரா?"

"ஒண்ணு விடாம. அவன் அடிக்கையில, அந்த நிமிசத்துலயே எட்டிப் பாத்தேன். பாத்ததுக்கு மட்டுந்தான் கீறல். பாக்காததுக்குப் போடல. எனக்கு நியாயம் தெரியும்."

"அவரு அடிக்கையில."

"அடிக்கையிலதான்."

ஓடாவி குனிந்து, தோணிக்கு அடியில் கிடந்த அந்த இரும்புக் கட்டியை எடுத்தார். தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வைரவனிடம் நீட்டினார். அவனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"அப்ப இதை யாரு பிடிச்சிருந்தா, அண்ணாச்சி?"