தூணுக்குப் பின்னால் தெரிந்த முகம்

ஆடி ஐந்தாம் வெள்ளி, அந்தி நேரம். காட்டுக்குள் இடிந்து கிடந்த நரசிம்மர் கோயில் வாசலில் இருபத்திரண்டு மான்கள் நின்றன. அவற்றில் ஒருத்தி மருதி. அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய குட்டி நின்றது.

பகலும் இரவும் அல்லாத வேளையில், உள்ளும் வெளியும் அல்லாத வாசற்படியில், பாதி மனிதனும் பாதி சிங்கமுமாக இரணியனைக் கொன்றவர் நரசிம்மர். அவரே இந்தத் தூணில் வருகிறார் என்று நரி சொல்லியிருந்தது. வெள்ளிக்கு ஒரு குட்டி கொடுத்தால் ஓநாய்கள் அண்டாதாம். நான்கு குட்டிகள் போயிருந்தன.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சிங்க முகம் நீண்டது. பிடரி நரைத்திருந்தது.

"சுவாமி வந்துவிட்டார்!" என்று மான்கள் முழங்கால் மடித்தன.

"இன்று மருதியின் முறை!" என்றது நரி.

மருதி முன்னே வந்தாள். "முகம் சரி. மனித உடம்பு எங்கே? காலையாவது காட்டச் சொல்!"

நரி சிரித்தது. "தூணில் இருக்கிறானா, காட்டு என்று கேட்டது யார்? பிரகலாதனா? அவன் அப்பன் இரணியன்! நீ எந்தப் பக்கமடி?"

முதல் வெள்ளியில் குட்டியைக் கொடுத்தவள் கோதை. அவள் சீறினாள். "என் குட்டி போனபோது உனக்கு இந்தச் சந்தேகம் வரவில்லையே!"

மருதி தலையைத் தாழ்த்தி, குட்டியை விட்டு விலகி நின்றாள்.

"அம்மா, சுவாமி கடிப்பாரா?" என்றது குட்டி.

"மாட்டார்" என்றாள் மருதி. குட்டி படியேறிப் போயிற்று.

அன்றிரவு மழை பெய்தது. மறுநாளும் கிழச் சிங்கம் அங்கே வந்து போயிருந்தது. தூணுக்குப் பின்னால், ஈர மண்ணில் நான்கு பாதங்களின் தடம். மனிதக் கால் ஒன்றுகூட இல்லை. மருதி எல்லோரையும் கூட்டி வந்தாள்.

"பாருங்கள்! வெறும் சிங்கம்! ஓட முடியாத கிழம்! இப்போதே வேறு காட்டுக்குப் போய்விடலாம்!"

மான்கள் வெகுநேரம் பார்த்தன.

"வெறும் சிங்கம் என்றால், நான் என் பிள்ளையை எதற்குக் கொடுத்தேன்?" என்றாள் கோதை. குளம்பால் ஒரு தடத்தைத் தேய்த்து அழித்தாள். மற்ற தாய்மார்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

குட்டிகள் தீர்ந்ததும் பெரியவை முறை வைத்துப் போயின. தன் முறை வந்தபோது மருதி ஒன்றும் கேட்கவில்லை.

தை முதல் வெள்ளி, அந்தி நேரம், வாசற்படியில் ஒரு மானும் இல்லை.

ஏமாந்ததை ஒப்புக்கொள்ளக் கூசுகிறவர்களை எந்தத் தெய்வமும் காப்பாற்றுவதில்லை.