இலுப்பை மரத்துப் பல்லி

கிட்ட வந்து உட்காருங்க. மூச்சைக்கூட மெதுவா விட்டுக் கேக்க வேண்டிய கதை இது.

கூனிப்பாறை அடிவாரத்து அய்யனார் காட்டில் வெயில் தரையைத் தொடாத காலம் அது. விழுந்த சுள்ளியைக்கூட ஊரார் எடுக்க மாட்டார்கள். பாறை இடுக்கில் ஊறும் சுனைதான் ஊருக்கே குடிதண்ணீர். பெண் எடுப்பதோ, விதை தூவுவதோ, எதுவானாலும் முதலில் அங்கிருந்த இலுப்பை மரத்தடியில் பேசாமல் உட்காருவார்கள். பல்லி சொன்னால் சாமிக்குச் சம்மதம். சொல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

வாக்குக் கேட்டுச் சொல்கிறவர் பூசாரி சாத்தையா. அவரிடம் அதைக் கற்றுக்கொண்டிருந்தவர் காத்தமுத்து, பேரன் எடுத்த மனுஷன்.

அப்போதுதான் கல் கம்பெனி வந்தது. பாறையும் காடும் வேணும் என்றது. பதிலுக்கு ரோட்டோரம் டைல்ஸ் பதித்துச் சாமிக்கு ஒரு வீடும் கட்டி முடித்துவிட்டது. ஊர் இரண்டுபட்டது. காத்தமுத்துவுக்கு முழங்கால் வலி. ரோட்டோரச் சாமி தோதாகத்தான் பட்டது.

"சாமி எங்க இருந்தா என்னய்யா?"

"என்னைக் கேட்டா? சாமியையே கேப்போம். அந்தப் புது வீட்டுலயே கேப்போம்," என்றார் சாத்தையா.

கம்பெனி மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். வாக்கு வந்தால் அன்றைக்கே மரத்தை வெட்டிவிடலாம் என்று வாசலில் ரம்பத்தோடு ஆட்களை நிறுத்தியிருந்தார்.

விளக்கேற்றி வைத்துவிட்டு ஊரே உட்கார்ந்தது. பல்லி சொல்லவில்லை. உச்சிவெயிலும் ஏறிவிட்டது. திறப்பு விழாவுக்காக மூலை முடுக்கெல்லாம் பூச்சி மருந்து அடித்திருந்தார்கள். எறும்புகூட இல்லை.

"பல்லிக்குப் பத்திரிகை வைக்க மறந்துட்டீகளா சார்?" என்றாள் பின்னாலிருந்து செவந்தி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுபடி காத்திருக்கையில் காத்தமுத்துவுக்குத் தன் கல்யாணப் பேச்சு ஞாபகம் வந்தது. இலுப்பைப் பூ உதிர்ந்து கிடக்க, அந்தப் பக்கம் பொன்னழகு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பல்லி சொன்னதும் முதலில் நிமிர்ந்தவள் அவள்தான். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அந்தப் பூ வாசம் மட்டும் இன்னும் மூக்கிலேயே இருந்தது.

பொறுக்க முடியாத மேனேஜர் ஆளை அனுப்பி அந்த மரத்துப் பல்லியையே கொட்டாங்குச்சியில் மூடிக் கொண்டுவரச் செய்தார். சுவரில் விட்டார்கள். பூச்சி மருந்துப் பிசுக்கில் பிடி கிடைக்காமல் வழுக்கித் தரையில் விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, காட்டுப் பக்கம் ஓடிவிட்டது.

"வாக்கு வரலையேய்யா," என்றார் காத்தமுத்து. "ஊருக்கு என்னன்னு சொல்றது?"

"அவசரப்படாதப்பா. எங்க போய்ச் சொல்லுதுன்னு பாப்போம்."

சாத்தையா எழுந்தார். சாமி முன்னால் எரிந்த விளக்கைக் கையில் எடுத்தார். காற்றுக்கு அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, பல்லி போன வழியே ரோட்டைக் கடந்தார்.