வடிகட்டியில் தங்கியது

மலைமேல் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் மாணவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆசிரியைக்கு முப்பத்தெட்டு.

மாணவர் சிதம்பரதாணு முன்பு நில அளவையர். செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞையை வாங்கி வயல்களுக்கு எல்லை குறித்தவர். அந்தச் சமிக்ஞை கீழே வரும் வழியில், மேகங்களுக்கு வெகு மேலே, அயனி மண்டலத்தைக் கடக்கிறது. அங்கே சற்றுத் தாமதிக்கிறது. கீழே இடிமழை பெய்தால் அந்த உயரமும் அசையுமா? அசைந்தால் தாமதத்தில் தெரிய வேண்டும். இதைக் கண்டறியத்தான் வேலையை விட்டுவிட்டு ஆசிரியை செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

ஒரு மாலை, மழை விட்டதும் பையோடு வந்து நின்றார்.

“ஊருக்குப் போகிறேன், மேடம்.”

“எப்போது திரும்புவீர்கள்?”

“திரும்புவதாக இல்லை.”

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

“இடி இடித்த நாளையும் வெயில் அடித்த நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். தாமதத்தை வரைந்த இரண்டு கோடும் ஒன்றுபோல இருக்கின்றன. மேலே எதுவும் போய்ச் சேரவில்லை. இந்த வயதில் என்ன படிப்பு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே அந்தக் கேள்வி இருக்கிறது.”

“கோடு எப்படி இருக்கிறது?”

“வழவழவென்று இருக்கிறது. நடுக்கத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம். நடுங்குகிற கோட்டை வைத்து வரப்புப் போட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும்.”

“சரி. போவதற்கு முன்னால் ஒரு டீ போடுங்கள், தாணு சார். நீங்கள் போய்விட்டால் இங்கே நல்ல டீ கிடையாது.”

அவர் பாலைக் காய்ச்சினார். வடிகட்டினார். வடிகட்டியைக் குப்பைக் கூடையில் தட்டப் போனார். செண்பகவல்லி ஒரு தட்டை நீட்டினார்.

“அதை இப்படிப் போடுங்கள்.”

“வெறும் பாலாடை, மேடம்.”

செண்பகவல்லி அதன்மேல் சர்க்கரையைத் தூவி, கரண்டியால் எடுத்துத் தின்றார்.

“இதற்காக அண்ணனோடு கட்டிப் புரண்டிருக்கிறேன். பாலை யார் குடித்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.”

தாணு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த வடிகட்டியைப் பார்த்தார்.

“நான் எடுத்துப் போட்ட நடுக்கம்...”

“போட்டது நீங்கள். கருவி போடவில்லை. அப்படியே வைத்திருக்கிறது.”

டீ ஆறியது. கருவி வாங்கிய கோட்டிலிருந்து தன் வழவழப்பான கோட்டை அவர் கழித்தார். வெயில் நாளில் மிஞ்சியது தூசிபோலச் சிதறிக் கிடந்தது. மழை நாளிலும் முதலில் தூசிதான். இடி தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, மெல்லிய அலைகள், ஒன்றன்பின் ஒன்றாக.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருடமும் வயலில் நின்று இதைத்தான் அழித்துக்கொண்டிருந்தேனா?”

“அன்றைக்கு உங்களுக்கு நிலம் வேண்டியிருந்தது.”

“அப்படியானால், பிழை என்று நான் தள்ளியதெல்லாம் இதுதானா?”

“எல்லாம் இல்லை, தாணு சார். பெரும்பாலும் அது பிழைதான். எது பிழை, எது அலை என்று பார்க்க நாளைக்கும் ஆள் வேண்டும்.”