மிளகாய்க்கு அடுத்த ஆள்

"ஊருக்கே நல்லது, ஒரே ஒருத்தருக்குத்தான் தொந்தரவு. அப்படின்னா செய்யலாம்தானே, தாயி?"

மாவு மில் பரஞ்சோதிக்கு வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. குரு நாகம்மைக்கு அவருடைய தங்கை வயசுதான். ஆனாலும் மனசு கனத்தால் அந்த அம்மாளிடம்தான் வந்து உட்காருவார். வரும்போதே பதிலையும் கையோடு கொண்டுவருவார், அது வேறு கதை.

"யாருக்கு என்ன தொந்தரவு, அண்ணாச்சி?"

"இருக்கிறது ஒரே மிஷின். விடியலிலேயே ஊர் மிளகாயை அரைச்சு முடிச்சிடுறேன். அடுத்து விழுகிற மாவு காரமடிக்கும். நேத்து வேணியோட கேப்பை மாட்டிக்கிச்சு. அவ கைப்பிள்ளை ஒரு வாய்க் கஞ்சிக்கே கதறிடுச்சாம்."



"அரிசி போட்டுக் கழுவலாமே."

"படிக்கணக்கில் போட்டாத்தான் காரம் போகும். தினம் அவ்வளவு அரிசிக்கு எங்கே போவேன்? மிளகாயை நிறுத்தினா சனம் டவுனுக்கு பஸ் ஏறணும். மில்லும் படுத்துடும். ஒருத்தர் பொறுத்துக்கிட்டா எல்லாரும் பிழைக்கலாம்."

"கணக்கு சரிதான்."

பரஞ்சோதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்த ஒருத்தர் யாரு?"

"யாரா இருந்தா என்ன, தாயி? முதல்ல வர்றவங்க."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டா எந்தப் பைத்தியம் சம்மதிக்கும்?"

நாகம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு பை பச்சரிசியோடு வந்தார்.

"நாளைக்கு மிளகாய் முடிஞ்சதும் முதல்ல இதை அரைச்சுக் கொண்டாங்க."

"காரம் பட்டாலே உங்களுக்கு வயிறு எரியுமே, தாயி."

"ஊருக்கே நல்லதுன்னீங்களே."

மறுநாள் மிளகாய் அரைத்து முடிந்தது. பரஞ்சோதி கதவைத் திறந்தார். வாசலில் வரிசை நின்றது.

நாகம்மையின் அரிசிப் பையைத் தூக்கினார். கொட்ட மனசு வரவில்லை. கீழே வைத்தார். வரிசையில் முதலில் இருந்த தூக்குவாளியைத் தொட்டார். அதற்கும் கை வரவில்லை. என்னடா இது வம்பாப் போச்சு என்று மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டார்.

"இப்பத்தான் மிளகாய் அரைச்சேன். முதல்ல போடுற மாவு காரமடிக்கும். தினமும் அப்படித்தான் நடந்துட்டிருக்கு. யாராவது முதல்ல வர்றீங்களா?"

 முன்னால் நின்றவர் தன் தூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

போச்சு, மில்லை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பரஞ்சோதி நினைத்தார்.

வரிசையின் கடைசியிலிருந்து முறுக்கு சுட்டு விற்கிற செல்லக்கனி தன் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"என் அரிசியைக் கொட்டுங்கண்ணே. வீட்டுக்குப் போய் நானே மிளகாய்ப்பொடி அள்ளிப் போட்டுத்தானே பிசையுறேன்."