விளக்கடிப் பல்லி

உம் கொட்டுறவங்களுக்குத்தான் கதை, தூங்குறவங்களுக்கு இல்ல, ஆமா.

ஏரி பெருசு, ஊரு சிறுசு, அப்படி ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல காத்தாயின்னு ஒருத்தி, அவளுக்குத் தவமணின்னு ஒரே பொண்ணு. காத்தாயி கழுத்தளவு தண்ணியில எறங்கித் தாமரை எலை பறிச்சு சத்திரத்துக்குக் குடுப்பா, அதுலதான் ரெண்டு பேருக்கும் கஞ்சி. நீச்சல் தெரியாது அவளுக்கு, வாழைமரத் துண்டு ஒண்ணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே எறங்குவா.

தவமணி சின்னதுல வாய் ஓயாத புள்ள. எறும்பு எந்தப் பொந்துக்குள்ள போச்சுங்கறதைக்கூட அம்மாகிட்ட வந்து சொல்லுவா. பதிமூணு வயசு ஆச்சு பாருங்க, வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டா. எங்கடி போன? "சும்மா." யாரு கூட? "யாருமில்ல." என்னடி பண்ணுன? "ஒண்ணுமில்ல." ஏய், ஒங்க அக்காவைப் பாத்து ஏன் சிரிக்கிறீங்க? நான் தவமணியத்தானே சொன்னேன்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் பொண்ணு தலையெல்லாம் ஈரமா வந்து நிக்குது. காத்தாயி, "எவன் கூடயோ ஏரிக்கரையில பேசிக்கிட்டு இருந்திருக்க, அதானே?"ன்னு கேட்டா. அப்பப் பாத்து விளக்குக்கு மேல சுவத்துல ஒரு பல்லி ச்சு ச்சு ச்சுன்னுச்சு. "பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு!"ன்னு காத்தாயி தரையில விரலால மூணு தட்டு தட்டிட்டு அழ ஆரம்பிச்சா. வேற நாளா இருந்தா கஞ்சி குடிச்ச கையோட விளக்கைக் குளிர வச்சிருவா. அன்னைக்கு அழுதுக்கிட்டே மறந்துட்டா, விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, அப்புறம் பூச்சி வந்துச்சு, பல்லி அத்தனையையும் பொறுக்கித் தின்னுச்சு.

ஈர்க்குச்சி மாதிரி இருந்த பல்லி அது. அதுக்கு அப்பத்தான் புத்தி வேலை செஞ்சுச்சு. "இவ அழுதா விளக்கு எரியும், விளக்கு எரிஞ்சாப் பூச்சி வரும், பூச்சி வந்தா என் வயிறு நெறையும்."

மறுநா தவமணி முழங்கையில கீறலோட வந்தா. "யாரு தோப்புலடி மாங்கா திருடுன?" ச்சு ச்சு ச்சு. அழுகை, விளக்கு, பூச்சி. அதுக்கு மறுநா பாவாடையெல்லாம் சேறு. "ஊரை விட்டு ஓடத்தானே வழி பாத்துட்டு வர்ற?" ச்சு ச்சு ச்சு. காத்தாயி, "இனிமே உன்னை வச்சுக் காப்பாத்த என்னால ஆகாது, வெள்ளிக்கிழமை வண்டி வரும், நீ அத்தை வீட்டுக்குப் போயிரு"ன்னுட்டா. அந்த அத்தை யாரு? கும்புட்டாக்கூட எதுக்குக் கும்புட்டேன்னு கேக்குற பொம்பளை! அங்க போன புள்ள சிரிச்சதா யாரும் பாத்ததில்ல.

வியாழக்கிழமை சாயங்காலம் காத்தாயி மக துணியை மூட்டை கட்டுறா. தவமணி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுக் கத்துனா: "ஆமா, நாந்தான் திருடி! நாந்தான் அந்த ஏரியவே முழுங்கிட்டேன்!"

ச்சு ச்சு ச்சு.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தவமணி மெதுவா, "எங்கம்மாவுக்கு வாலு இருக்கு"ன்னா.

ச்சு ச்சு ச்சு.

அடுப்புல கஞ்சி கொதிக்குது, காத்தாயி அதைப் பாத்துக்கிட்டே, "இன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்கல"ன்னா.

ச்சு ச்சு ச்சு!

தலையைத் தூக்கிப் பாக்குறா, பல்லி கத்திரிக்கா மாதிரி கொழுத்துத் தொங்குது, வாயில பாதி பூச்சி! "அடி பாவி, எம்மக பேரைக் கெடுத்தா நீ வயிறு வளத்த?"ன்னு வெளக்குமாத்தை எடுத்து விட்டா பாருங்க, வாலு கீழ விழுந்து துடிக்குது, பல்லி விரிசலுக்குள்ள ஓடிப்போச்சு. அப்புறம் காத்தாயி திரியை எண்ணெய்க்குள்ள இழுத்து விளக்கைக் குளிர வச்சுட்டு, மக பக்கத்துல போய் உக்காந்தா. ஒண்ணும் கேக்கல. அவளுக்குக் கேக்கத் தைரியமில்ல, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழிச்சு இருட்டுலேருந்து சத்தம் வருது. "அம்மா, நான் நீச்சல் பழகுறேன்."

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"எருமை. பக்கத்து வீட்டு எருமை வாலைப் புடிச்சுக்கிட்டே போவேன், அது இழுத்துக்கிட்டுப் போவும். தாமரைத் தண்டு கீறும். நேத்து வாலை விட்டுட்டேன், மூழ்கல."

"தண்ணிப்பக்கம் போகாதன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனேடி?"

"அதான் சொல்லல. போன மாசம் உனக்கு வாழைத்துண்டு நழுவிருச்சுல்ல? நீ முழுகி எந்திரிச்சதைக் கரையில நின்னு பாத்தேன். உன்னைத் தூக்க எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து, என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன, ஞாபகமிருக்கா?"

காத்தாயிக்கு நல்லா ஞாபகமிருக்கு. "ஒண்ணுமில்ல"ன்னுதான் சொன்னா. அவ இந்த ராத்திரி அழுத அழுகைக்கு விளக்கும் இல்ல, பூச்சியும் இல்ல, மகளைக் கட்டிக்கிட்டு அழுதா.

வெள்ளிக்கிழமை வண்டி வந்துச்சு. வீட்டுல ஆளைக் காணோம். வண்டிக்காரரு தேடிக்கிட்டு ஏரிக்குப் போனா, ஒரு எருமை நீந்துது, அது வாலைப் புடிச்சுக்கிட்டு அம்மாக்காரி, அம்மா இடுப்பைப் புடிச்சுக்கிட்டு மக. "காலை அடிம்மா, காலை அடி!"ன்னு மக அதட்டுறா. வண்டி பொண்ணுக்குப் பதிலா ஒரு கட்டுத் தாமரை எலையோட அத்தை வீட்டுக்குத் திரும்பிப் போச்சு.

பல்லி? அது விரிசலுக்குள்ள பட்டினி. இப்பவும் ச்சு ச்சுன்னா, நீங்க சொன்னது நெசம்னு அர்த்தமில்ல கண்ணுகளா, விளக்கை அணைக்காதீங்கன்னு கெஞ்சுதுன்னு அர்த்தம். புள்ளை மனசுல இருக்கறதைப் புள்ளைகிட்டத்தான் கேக்கணும், சுவத்துகிட்டக் கேக்கக் கூடாது. அடுக்களையில இருக்கற ஒங்க அம்மாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

கதை கரையேறிருச்சு. யாராவது எந்திரிச்சு அந்த விளக்கைக் குளிர வைங்க. யாருக்கு யாருகிட்ட என்ன சொல்லணுமோ, இப்பச் சொல்லலாம்.