மூணாம் பிறைக்குக் காத்திருந்த விலாங்கு

கண்ணை மூடு கயலு. அத்தை சொல்றேன், நீ 'ம்' கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு விலாங்கு இருந்துச்சாம். பாம்பாட்டம் நீளமா, வழவழன்னு. பயப்படாதடி, அது மீனுதான். ரொம்ப வருஷம் மலையடி ஏரியில இருந்துட்டு, வயித்துல முட்டையோட கடலுக்குக் கிளம்பிச்சு. கடல்ல இட்டாத்தான் அதோட குஞ்சு பொழைக்கும். ம்?

வந்து பார்த்தா, ஆறு கடல்ல சேர்ற இடத்துல மணல் மூடிக்கிடக்கு. மொத்து மொத்துன்னு முட்டுது. வழியில்ல.

அப்போ அங்க காத்தாயின்னு ஒருத்தி, தண்ணிக்குள்ள கையாலயே எறா மீனு தடவிக்கிட்டிருந்தா. எறா போடுற ஓலைப் பறியைப் பல்லுல கவ்வியிருந்தா. வாய் மூடிக்கிடந்ததுல தண்ணி கெட்டுப்போச்சு, ஒண்ணும் சிக்கல. வாயில பறி இருக்கா, எது கேட்டாலும் 'ம்'தான், உன்னை மாதிரி.

"அக்கா, வழி வெட்டி விடுவியா?"

"ம்."

வெட்டினா. கடல் ஸ்ஸோன்னு மணலைக் கொண்டாந்து மூடிடுச்சு. அப்புறமும் வெட்டினா. மூடிடுச்சு. ஊரையே கூட்டியாந்து வெட்டினா. அதையும் மூடிடுச்சு. பின்னாடியிருந்து தள்ள ஆத்துல தண்ணி இல்லியே!

அப்புறம் காத்தாயி கரையோட மேல நடந்தா. பாலத்தடியில சந்தைக் குப்பை அடைச்சுக் கிடக்கு. கடைக்காரர் துரைக்கண்ணு, "ஏரியிலேர்ந்து தண்ணி விடட்டும், அள்ளுறோம்"னாரு. இன்னும் மேல போனா ஏரி. மதகுக்காரர் ஏகாம்பரம், "அவங்க அள்ளட்டும், திறக்கிறேன்"னாரு. பாரேன் இந்தப் பெரியவங்களை! எனக்கே பத்திக்கிட்டு வருது.

அப்போதான் காத்தாயி பறியைப் பல்லுலேர்ந்து எடுத்தா.

"நீ முதல்ல, நான் முதல்லன்னு யாரும் சொல்ல வேணாம். மூணாம் பிறை எல்லாரும் பார்ப்பீங்கல்ல? கும்பிட்ட கையோட நீங்க திறங்க, அவங்க அள்ளட்டும், நாங்க வெட்டுறோம்."

"அவங்க அள்ளலேன்னா?"

"அவங்களும் உங்களைப் பத்தி அதேதான் கேப்பாங்க." திரும்பி வர்ற வழியில துரைக்கண்ணுகிட்டயும் அதையே சொல்லிட்டு வந்தா.

பிறை வந்துச்சு, நகத்துண்டு மாதிரி. காத்தாயி ஊரு வெட்டுது... தண்ணி வரல. வெட்டுது... வரல. "ஏமாத்திட்டாங்கடி"ன்னா ஒருத்தி. காத்தாயிக்கு அழுகையே வந்துடுச்சு. அழுதுக்கிட்டே வெட்டுறா. தண்ணி அவ்வளவு தூரம் நடந்து வரவேணாமா?

அப்போ... சலசல... சலசல... வருது, வருது... குபுகுபுன்னு மணலைத் தள்ளிக்கிட்டுக் கடலுக்குள்ள போகுது. விலாங்கு காத்தாயி காலை ஒரு தரம் உரசிட்டு, சர்ர்ருன்னு போயிடுச்சு.

அப்புறம் மாசாமாசம் பிறை பார்த்ததும் மூணு ஊரும் அதே வேலைதான். காத்தாயி பறியில எறா துள்ளிச்சு. விலாங்கு மட்டும் திரும்பி வரல. அது அப்படித்தான், போனா போனதுதான்.

ஆனா ஒருநாள் ஏகாம்பரம் மதகுகிட்ட கால் நனைக்கிறாரு. காலைச் சுத்தி கண்ணாடி நூலாட்டம் குட்டிகுட்டியா விலாங்குக் குஞ்சு! கடலையே பார்க்காத மனுசன், ஒரு கை தண்ணி அள்ளிக் குடிச்சுப் பார்த்தாராம், உப்புக் கரிக்குதான்னு.

கரிச்சுதா கயலு?

...ம் காணோமே.

சரி. ஆறு கடல்ல சேர்ந்துச்சு, கதை தூக்கத்துல சேர்ந்துச்சு. தூங்குடி.